சிரிப்பவர்களும் பங்காளிகளே

   

பிள்ளைகள் மத்தியில் அன்றாடம் நிகழ்ந்தும், பெரியவர்களாகிய நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு கொடுமையைப் பற்றி இன்றைய உரையில் சிந்திக்க விரும்புகின்றேன். ஒரு பிள்ளையை ஏனைய பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பரிகசிப்பதும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதும், அடித்து அச்சுறுத்துவதும், விளையாட்டிலே சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்கி வைப்பதுமே அக்கொடுமையாகும். "பிள்ளைகளென்றால் அப்படித்தான்", "இது வெறும் பகிடி" என்று சொல்லி நாம் கடந்து போகின்றோம். ஆனால், அந்தப் பகிடியின் பாரத்தைச் சுமக்கும் பிள்ளைக்கு அது பகிடியாகத் தோன்றுவதில்லை.

முதலிலே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிள்ளைகளுக்கிடையில் ஏற்படும் எல்லாச் சண்டைகளும் இவ்வகையைச் சார்ந்தவையல்ல. காலையில் பந்துக்காகச் சண்டையிட்ட இருவர் மாலையில் தோளில் கைபோட்டுக்கொண்டு வீடு திரும்புவார்கள். அது வளரும் வயதின் இயல்பு. நோர்வே நாட்டின் பேர்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வியஸ், 1970களிலிருந்தே இவ்விடயத்தை ஆராய்ந்தவர். அவர் மூன்று அடையாளங்களைச் சுட்டிக்காட்டினார். நோகடிக்கும் நோக்கத்துடன் செய்யப்படுவது ஒன்று. மீண்டும் மீண்டும் நிகழ்வது மற்றொன்று. செய்பவர் வலியவராகவும் அனுபவிப்பவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவராகவும் இருப்பது மூன்றாவது. அந்த வலிமை உடல் வலிமையாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. வகுப்பிலே நண்பர்கள் அதிகமாக இருப்பதும், வாய்ச்சாதுரியமும், வீட்டின் செல்வமும்கூட வலிமைதான்.

1982ஆம் ஆண்டின் இறுதியில், சக மாணவர்களின் தொல்லை காரணமாகச் சிறுவர்கள் மூவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்ற செய்தி நோர்வே நாட்டையே உலுக்கியது. மறு ஆண்டே அந்நாட்டின் கல்வியமைச்சு நாடளாவிய தடுப்பு இயக்கமொன்றை ஆரம்பித்தது. ஒரு நாடு விழித்துக்கொள்வதற்கு மூன்று பிள்ளைகளின் உயிர்கள் விலையாக வேண்டியிருந்தன.

நமது நாட்டிலும் இதற்கொப்பான வரலாறு உண்டு. 1997ஆம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீட மாணவரொருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். அதற்கு அடுத்த ஆண்டில்தான், கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. எனினும் பகிடிவதை அடியோடு ஒழிந்தபாடில்லை. ஏன்? ஏனெனில், பிறரை வதைத்து இன்பங்காணும் பழக்கம் பல்கலைக்கழக வாயிலில் புதிதாகப் பிறப்பதில்லை. அது தரம் 3இலும் தரம் 4இலும், சிரிப்பொலிகளுக்கு மத்தியில், ஒரு பட்டப்பெயராகப் பிறந்து வளர்ந்து வருகின்றது.

அன்பின் நேயர்களே! இக்கொடுமை எவ்வளவு பரவலானது என்பதை யுனெஸ்கோ நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையொன்று எடுத்துக்காட்டியது. உலகெங்கும் பாடசாலை மாணவரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர், முந்திய ஒரு மாத காலத்தில் ஒரு தடவையேனும் சக மாணவரின் தொல்லைக்கு ஆளாகியிருந்தார் என்று அது கூறியது.

இதன் விளைவுகளோ பாடசாலைக் காலத்தோடு முடிந்துவிடுவதில்லை. பிரித்தானியாவில் 1958ஆம் ஆண்டு ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளின் வாழ்வு பல தசாப்தங்களாக அவதானிக்கப்பட்டு வந்தது. அவர்களுள் 7,771 பேரைப் பற்றிய ஆய்வின் முடிவுகள் 2014ஆம் ஆண்டு வெளியாகின. ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் சக பிள்ளைகளின் தொல்லைக்கு அடிக்கடி ஆளானவர்கள், ஐம்பது வயதை எட்டிய நிலையிலும் மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கு மற்றவர்களைவிட அதிகமாக ஆட்பட்டிருந்தனர். நெருங்கிய உறவும் நண்பர்களின் துணையும் அவர்களுக்குக் குறைவாகவே வாய்த்திருந்தன. நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அந்தக் காயம் முழுமையாக ஆறியிருக்கவில்லை. "காலம் போனால் மறந்துவிடுவான்" என்று ஆறுதல் கூறுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பட்டம் தெளித்தல் என்று நம் பேச்சிலே சொல்வார்கள். ஒரு பிள்ளையின் நிறம், பருமன், திக்குவாய், மூக்குக்கண்ணாடி, தந்தையின் தொழில், ஊர்ப் பேச்சு, இவற்றுள் ஏதாவதொன்றே அதற்குப் போதுமானது. அல்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆவது வசனம், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், குறை கூறுவதையும், பட்டப்பெயர்களால் அழைப்பதையும் தடைசெய்கின்றது. பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரைவிட மேலானவர்களாக இருக்கக்கூடும் என்பதையும் அது நினைவூட்டுகின்றது. இந்த வசனத்தை நம் பிள்ளைகள் அழகாக ஓதுகின்றார்கள். மனனமும் இடுகின்றார்கள். ஆனால், ஓதி முடித்த கையோடு மத்ரஸா முற்றத்தில் ஒருவனை "குண்டன்" என்றும் மற்றொருவனை "நொண்டி" என்றும் அழைக்கும்போது, இரண்டுக்கும் உள்ள தொடர்பை அவர்களுக்கு எடுத்துக்கூறுவார் இல்லை.

ஒரு சொல் எவ்வளவு காலம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை நமது சமூகம் நன்கறியும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். அங்குள்ள மக்கள் தம் வீடுகளையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டு உதவியதை வரலாறு மறக்காது. ஆயினும், காலப்போக்கில் "அகதி" என்ற சொல் ஒரு நிலையைக் குறிப்பதை விட்டு, மனிதரைக் குறிக்கும் பெயராக மாறிப்போனது. புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைக்கூட அந்தப் பெயர் பின்தொடர்ந்தது. அவ்வாறே, 2019 ஏப்ரல் மாதத்துக்குப் பின்னர் பெயருக்காகவும் உடைக்காகவும் ஏளனப் பார்வைக்கு ஆளான வேதனையையும் நாம் அறிவோம். பரிகாசத்தின் வலியை உணர்ந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள், தம்மிலும் பலவீனமான ஒரு பிள்ளைக்கு, அவன் எந்த இனத்தவனாயினும், அதே வலியைக் கொடுக்கலாமா?

அன்பார்ந்தவர்களே! வதைக்கும் பிள்ளை ஒருவன், வதைபடும் பிள்ளை ஒருவன் என்று இருவரை மட்டுமே நாம் பார்க்கின்றோம். ஆனால், அந்த இடத்திலே மூன்றாவது தரப்பினர் இருக்கின்றார்கள். அவர்கள்தாம் சுற்றி நிற்பவர்கள். கனடாவின் டொரண்டோ நகரப் பாடசாலைகளில் ஒளிப்பதிவுக் கருவிகளின் துணையோடு நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2001ஆம் ஆண்டு வெளியாகின. நூற்றுக்கு 88 சம்பவங்களில் வேறு பிள்ளைகள் அருகிலே இருந்தார்கள். ஆனால், 19 வீதமான சம்பவங்களில் மாத்திரமே அவர்களுள் எவரேனும் குறுக்கிட்டார்கள். இதிலே ஒரு நற்செய்தியும் உண்டு. அவ்வாறு குறுக்கிட்டபோதெல்லாம், பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்தே வினாடிகளுக்குள் அக்கொடுமை நின்றுபோனது!

பின்லாந்து நாட்டின் துர்கு பல்கலைக்கழகப் பேராசிரியை கிறிஸ்டினா சல்மிவல்லி, சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ஒரே வகையினரல்லர் என்பதை எடுத்துக்காட்டினார். சிலர் வதைப்பவனோடு சேர்ந்துகொள்கின்றனர். சிலர் சிரித்து உற்சாகமூட்டுகின்றனர். சிலர் கண்டும் காணாதது போல விலகிப் போகின்றனர். ஒரு சிலரே பாதிக்கப்பட்டவனின் பக்கம் நிற்கின்றனர். அவரது ஆய்வுகளின் அடிப்படையில் உருவாக்கப்பட்ட தடுப்புத் திட்டம் 2009ஆம் ஆண்டு முதல் பின்லாந்துப் பாடசாலைகளெங்கும் விரிவுபடுத்தப்பட்டது. வதைப்பவனைத் தண்டிப்பதோடு நின்றுவிடாமல், சுற்றி நிற்கும் வகுப்பையே மாற்றியமைப்பதுதான் அதன் மையக் கருத்து. ஏனெனில், பார்வையாளர்களின் சிரிப்பே வதைப்பவனுக்குக் கிடைக்கும் கூலியாகும். கூலி கிடைக்காத வேலையை எவர்தான் நெடுநாள் செய்வார்?

இதே பாடத்தை நபி (ஸல்) அவர்களின் வாழ்விலும் காண்கின்றோம். அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மெலிந்த உடலமைப்பைக் கொண்டவர்கள். ஒருநாள் அவர்கள் மிஸ்வாக் குச்சி பறித்துக்கொண்டிருந்தபோது காற்று வீசியது. அவர்களது மெல்லிய கால்கள் வெளியே தெரிந்ததைக் கண்டு அங்கிருந்தோர் சிரித்தனர். அது கொடிய சிரிப்பாக இருந்திருக்காது. தோழர்களுக்கிடையிலான சிரிப்புத்தான். ஆயினும், நபியவர்கள் அதனை அப்படியே விட்டுவிடவில்லை. எதற்காகச் சிரிக்கின்றீர்கள் என்று வினவினார்கள். அந்த மெலிந்த கால்கள் மறுமையின் தராசிலே உஹுத் மலையைவிடப் பாரமானவை என்று அனைவரும் கேட்கக் கூறினார்கள். சிரித்தவர்களை ஏசவுமில்லை, விரட்டவுமில்லை. சிரிப்புக்கு ஆளானவரின் மதிப்பை எல்லோருடைய கண்களிலும் உயர்த்திவிட்டார்கள். ஓர் ஆசிரியர் வகுப்பறையிலே செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியம் இதுவல்லவா?

மேலும், அநீதியிழைக்கப்பட்டவனுக்கு மட்டுமன்றி, அநீதியிழைப்பவனுக்கும் உதவுமாறு அன்னார் பணித்தார்கள். அநீதியிழைப்பவனுக்கு எவ்வாறு உதவுவது என்று தோழர்கள் கேட்டபோது, அவனை அந்த அநீதியிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என விளக்கினார்கள். புஹாரி கிரந்தத்தில் பதிவாகியுள்ள செய்தி இது. இதன்படி, வதைக்கின்ற பிள்ளையும் நமது உதவியை எதிர்பார்த்து நிற்கும் பிள்ளைதான்.

இனி, பெற்றோர்கள் செய்ய வேண்டியவை எவையெனப் பார்ப்போம்.

துன்புறும் பிள்ளைகளிற் பலர் வாய் திறந்து சொல்வதில்லை. ஆனால், அவர்களுடைய நடத்தை சொல்லும். பாடசாலை நாள்களின் காலையில் மாத்திரம் வயிற்றுவலி வருவது, கொப்பிகள் கிழிந்திருப்பது, கொடுத்தனுப்பிய காசு அடிக்கடி தொலைவது, சாப்பாட்டுப் பெட்டியுடன் சென்ற பிள்ளை பசியோடு திரும்புவது, மலசலகூடத்துக்குப் போக அஞ்சி நாள் முழுவதும் அடக்கிக்கொண்டிருப்பது, உறக்கத்திலே திடுக்கிட்டு எழுவது, விருப்பமான பாடத்தில்கூடத் திடீரெனப் பின்தங்குவது போன்றவை கண்டால், ஏசுவதற்கு முன்னர் விசாரியுங்கள். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிள்ளை வாய் திறந்து சொல்லும்போது நாம் கூறும் முதல் வார்த்தை மிக முக்கியமானது. "நீ என்ன செய்தாய்?" என்று கேட்டால், பிள்ளை குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகின்றது. "ஆம்பிளைப் பிள்ளைதானே, திருப்பி அடி" என்றால், வலிமையே நியாயம் என்ற பாடத்தை நாமும் கற்பித்தவர்களாகின்றோம். "இதையெல்லாம் பெரிசுபடுத்தாதே" என்றால், அந்தப் பிள்ளை இரண்டாவது தடவை நம்மிடம் வராது. மாறாக, "நீ சொன்னது நல்லது மகன், இது உன்னுடைய பிழையல்ல, நாங்கள் உன்னோடு இருக்கின்றோம்" என்று வாப்பாவோ உம்மாவோ கூறும் ஒரு வாக்கியம், அந்தப் பிள்ளையின் நெஞ்சிலிருந்து பாதிப் பாரத்தை இறக்கிவைக்கும்.

பின்னர், என்ன நடந்தது, எங்கே, எப்போது, யார் இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு வகுப்பாசிரியரை அமைதியாகச் சந்தியுங்கள். பாடசாலை வாயிலில் மற்றப் பிள்ளையை மறித்து மிரட்டுவதும், அதன் பெற்றோருடன் தெருவிலே வாதிடுவதும் நிலைமையை மோசமாக்குமே தவிரத் தீர்க்காது. ஆசிரியரிடம் சொல்லியும் பயனில்லையெனில் அதிபரிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். ஒரு தடவை பேசியதோடு பிரச்சினை தீர்ந்ததாக எண்ணிவிடாது, இரண்டு மூன்று வாரங்கள் பிள்ளையைத் தொடர்ந்து விசாரித்து வாருங்கள்.

உங்கள் பிள்ளையே மற்றவர்களைத் துன்புறுத்துகின்றது என்று முறைப்பாடு வந்தால் என்ன செய்வீர்கள்? பெற்றோருக்கு மிகக் கடினமான தருணம் இதுவே. "என் பிள்ளை அப்படிச் செய்யாது" என்று வாதிடவும் வேண்டாம், பிரம்பை எடுக்கவும் வேண்டாம். எளியவனை அடித்த பிள்ளையை நாம் அடிக்கும்போது, பலமுள்ளவன் அடிக்கலாம் என்பதையே அது மீண்டும் கற்றுக்கொள்கின்றது. செய்தது தவறு என்பதைத் தெளிவாகக் கூறுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கவும், பறித்ததைத் திருப்பிக் கொடுக்கவும் செய்யுங்கள். அத்தோடு வீட்டையும் திரும்பிப் பாருங்கள். அயலவரையும் உறவினரையும் உடற்குறையைச் சொல்லி நாம் குறிப்பிடுகின்றோமா? புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளிகளை வைத்துத் தம்பியையும் நானாவையும் ஒப்பிட்டு ஏளனம் செய்கின்றோமா? பிள்ளைகள் நமது அறிவுரையைவிட நமது உரையாடலையே அதிகம் கற்றுக்கொள்கின்றார்கள்.

ஆசிரியர்களுக்கும் மத்ரஸா உஸ்தாத்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆசிரியரின் வாயிலிருந்து வரும் பட்டப்பெயரை அன்றைய மாலைக்குள் பாடசாலை முழுவதும் கற்றுக்கொண்டுவிடும். ஆகவே, மாணவரை அவரவர் பெயராலேயே அழையுங்கள். பெரியவர்களின் பார்வை படாத இடங்களிலேயே கொடுமைகள் அதிகம் நிகழ்கின்றன. மலசலகூடப் பகுதி, மாடிப்படிக்கட்டு, பாடசாலை வேன், விடுதி அறை ஆகியவற்றின் மீது கண்ணோட்டம் வேண்டும். விடுதியில் தங்கி ஓதும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர், சிறிது நேரமாவது பிள்ளையுடன் தனியாக உரையாட வாய்ப்பளிக்கப்பட வேண்டும். எல்லோருக்கும் முன்னால் "நல்லா இருக்கிறியா?" என்று கேட்டால், "ஓம்" என்பதைத் தவிர வேறு விடை வராது.

இளைஞர்களே! மாணவ மாணவியரே! உங்களோடும் சில வார்த்தைகள். "சொல்லிக் கொடுத்தால் கோள் சொன்ன பாவம் வந்துவிடுமே" என்று உங்களிற் சிலர் அஞ்சுகின்றீர்கள். கோள் என்பது இருவரைப் பிரிப்பதற்காக, ஒருவரை மாட்டிவிடுவதற்காகக் கதை காவுவதாகும். ஆபத்திலிருக்கும் ஒருவரைக் காப்பாற்றுவதற்காகப் பொறுப்பானவரிடம் உண்மையைச் சொல்வது கோளன்று, அது உதவியாகும். ஒன்று தீங்கு செய்வதற்கு, மற்றொன்று தீங்கைத் தடுப்பதற்கு. இந்த வேறுபாட்டை மனதிற் பதித்துக்கொள்ளுங்கள்.

வலியவனோடு மோதி வீரம் காட்ட வேண்டுமென்று எவரும் உங்களைக் கேட்கவில்லை. முதலாவதாக, சிரிக்காதிருங்கள். இரண்டாவதாக, "வா, நாங்கள் போவோம்" என்று பாதிக்கப்பட்டவனை உங்களோடு அழைத்துச் செல்லுங்கள். இடைவேளையிலே தனித்திருப்பவனுக்கு அருகில் அமர்ந்து உங்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறவுங்கள். மூன்றாவதாக, நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள்.

இன்று இக்கொடுமை பாடசாலை மணி ஒலித்ததோடு ஓய்வதில்லை. கைத்தொலைபேசி வழியாக வீட்டுக்குள்ளும், படுக்கையறைக்குள்ளும் வந்துவிடுகின்றது. வகுப்பு மாணவி ஒருவரின் புகைப்படத்தை வட்ஸ்அப் ஸ்டிக்கராக மாற்றிக் குழுமத்தில் பகிர்வது உங்களுக்கு ஒரு நிமிடச் சிரிப்பாக இருக்கலாம். அவருக்கோ மறுநாள் வகுப்பறைக்குள் நுழையவே இயலாத அவமானமாகும். வருவதை அனுப்பிவிட்டவரும் அதிலே பங்காளியே. உங்களிடம் அது வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். நீங்களே பாதிக்கப்பட்டிருந்தால், வெட்கத்தில் அழித்துவிடாமல் திரையைப் படம்பிடித்து ஆதாரமாக வைத்துக்கொண்டு பெரியவரொருவரிடம் காட்டுங்கள். பெற்றோரும், "இதற்குத்தான் போன் வேண்டாமென்றேன்" என்று கூறித் தொலைபேசியைப் பறித்துவிட்டால், அடுத்த தடவை பிள்ளை மறைக்கவே செய்யும் என்பதை உணர்ந்துகொள்ள வேண்டும்.

வீட்டாலும் பாடசாலையாலும் தீர்க்க முடியாத நிலை வருமாயின், அரச உதவியை நாடத் தயங்காதீர்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1929 ஆகும். சிறுவர்கள் தாமாகவும் இவ்விலக்கத்தை அழைக்கலாம். மனச்சோர்வினால் வாடும் பிள்ளைக்காகத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்து ஆலோசனை பெறலாம். "செத்துப் போகலாம் போலிருக்கிறது" என்று ஒரு பிள்ளை கூறினால், அதனை வெறும் பேச்சென்று ஒருபோதும் தள்ளிவிடாதீர்கள். அப்பிள்ளையைத் தனியே விடாமல் உடனடியாக வைத்திய உதவியை நாடுங்கள். மனநல வைத்தியரை நாடுவது குடும்பத்துக்கு இழுக்கு என்ற எண்ணம், பிள்ளையின் உயிரைவிடப் பெரிதல்ல.

அன்பின் நேயர்களே! ஒவ்வொரு வகுப்பிலும் வதைப்பவர்கள் ஓரிருவரே. வதைபடுபவர்களும் ஒரு சிலரே. எஞ்சிய முப்பது பேரின் மௌனமும் சிரிப்பும்தான் அக்கொடுமைக்கு உயிரூட்டுகின்றன. அந்த முப்பது பேரில் நம் பிள்ளையும் ஒருவர். ஆகவே, இன்றிரவு உணவு வேளையில் பிள்ளையிடம், "உன்னை யாராவது ஏசினார்களா?" என்று மாத்திரம் கேட்காமல், "உன் வகுப்பிலே இடைவேளையில் தனியாக இருக்கும் பிள்ளை யார்?" என்றும் கேட்டுப் பாருங்கள். விடையாக ஒரு பெயர் வரும். நாளைக்கு அந்தப் பிள்ளையின் அருகில் போய் இருக்கும்படி உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

எவருடைய நாவினாலும் கரத்தினாலும் நம் பிள்ளைகள் துன்புறாமலும், நம் பிள்ளைகளின் நாவினாலும் கரத்தினாலும் எவரும் துன்புறாமலும் இருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!